சொந்த விமானம்: வாங்குற விலை மட்டும் கணக்கு இல்லை!

அமெரிக்காவுல ஒருத்தர் செகண்ட் ஹேண்ட்ல செஸ்னா 172 வாங்குறார்னு வைங்க. அங்க விமானங்களைக் கண்காணிக்கிற எஃப்.ஏ.ஏ. விதிப்படி, 12 மாதத்துக்கு ஒருமுறை ஆண்டுப் பரிசோதனை முடிச்சாதான் பறக்கலாம். வருஷத்துக்கு பத்து மணி நேரமே ஓட்டினாலும் இந்தச் செலவு உண்டு. அதே விமானத்துல காசு வாங்கிட்டுப் பயிற்சி கொடுத்தா, 100 மணி நேரத்துக்கு ஒரு பரிசோதனையும் சேரும்.

கெடு மாதக் கடைசி வரை. பிப்ரவரி 27-ல் முடிச்சா அடுத்த பிப்ரவரி வரைதான். மார்ச் 1-ல் முடிச்சா அடுத்த மார்ச் 31 வரை. இரண்டு நாள் பொறுத்தா ஒரு மாதம் லாபம்!

வாங்குறதுக்கு முன்னாடி லாக் புக்ல கடைசிப் பரிசோதனை தேதியைப் பாருங்க. கெடு நெருங்கிடுச்சா? அந்தச் செலவைச் சொல்லி விலையைக் குறைச்சுப் பேசுங்க.