மேகத்தினூடே தரையிறங்குதல்

மாலையில் கனத்த மழை பிடித்துக்கொண்டால், புக்கிட் தெங்காவிலிருந்து பார்ப்போருக்குக் கடலுக்கு அப்பாலுள்ள பினாங்குத் தீவின் மலைகள் மறைந்துபோகும். ஆயினும், பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் விமானங்கள் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். மேகத்துக்குள் இருக்கும் விமானிக்கு ஓடுபாதை தெரியாது. அப்படியானால், அவர் எப்படி இறங்குகிறார்?

ஓடுபாதையின் அருகிலுள்ள இரண்டு வானொலிக் கருவிகள் அவருக்கு உதவுகின்றன. ஒன்று, விமானம் நடுக்கோட்டிலிருந்து இடமோ வலமோ விலகுவதைத் தெரிவிக்கும். மற்றொன்று, இறங்க வேண்டிய சரிவைக் காட்டும். அச்சரிவு பெரும்பாலும் 3 பாகையாகும். அதாவது, 100 மீட்டர் முன்னேறினால் ஏறத்தாழ 5 மீட்டர் இறங்க வேண்டும். விமானியின் திரையில் இரு குறிகளும் நடுவில் நின்றால் பாதை சரியானது. மேகத்துக்குள் உடலின் உணர்வு ஏமாற்றிவிடும். ஆதலால், அவர் கருவிகளையே நம்ப வேண்டும்.

எனினும், இறுதி முடிவு விமானியுடையதே. வழக்கமாக 200 அடி உயரத்தில், ஏறக்குறைய இருபது மாடிக் கட்டடத்தின் உயரத்தில், ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தென்பட வேண்டும். தென்படாவிட்டால் உடனே மேலெழும்பிவிட வேண்டும். பயணிகள் முணுமுணுக்கலாம், விதி அதுதான்.

எல்லா ஓடுபாதைகளுக்கும் சரிவைக் காட்டும் கருவி இருப்பதில்லை. அங்கெல்லாம் விமானியே படிப்படியாக உயரத்தைக் குறைக்க வேண்டும். 1989 பிப்ரவரி 19ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து சுபாங்கிற்கு வந்த போயிங் 747 சரக்கு விமானம் அவ்வாறே இறங்கியது. 2,400 அடிக்கு இறங்குமாறு கூற எண்ணிய கட்டுப்பாட்டாளர், "டூ ஃபோர் ஸீரோ ஸீரோ" என்றார். ஆங்கிலத்தில் 'இரண்டு' என்னும் எண்ணும் '-க்கு' என்னும் பொருள்தரும் சொல்லும் ஒரே ஒலியுடையவை. விமானி அதனை '400 அடிக்கு' என்று புரிந்துகொண்டார். "ஃபோர் ஸீரோ ஸீரோ" என்றே அவர் திருப்பியும் சொன்னார். அப்பிழை திருத்தப்படவில்லை. தரை நெருங்குவதை உணர்த்தும் எச்சரிக்கை ஒலித்தும் விமானம் மேலே எழும்பவில்லை. பூச்சோங் அருகே குன்றில் மோதி, அதிலிருந்த நால்வரும் உயிரிழந்தனர்.

கட்டளையை விமானி திருப்பிச் சொல்வதும், அதைக் கட்டுப்பாட்டாளர் கவனமாகக் கேட்டுச் சரிபார்ப்பதும் இத்தகைய பிழையைப் பிடிப்பதற்காகவே. அனைத்துலக முறைப்படி அந்த உயரத்தைச் சொல்ல வேண்டிய விதம்: "டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்".