மருத்துவக் காப்புறுதி எடுக்கும் வியாபாரிகளே, மனநோய்க்கு இழப்பீடு கிடைக்குமா?

நெல் வாங்கும்போது மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, பல்லில் கடித்து ஈரம் பார்க்காமல் நான் விலை பேசுவதில்லை. சவளக்கடையில் அரிசி ஆலை நடத்தும் எவரும் அப்படித்தான். ஆனால், என் ஆலையின் பதினொரு ஊழியர்களுக்கும் சேர்த்து ஒரு குழு மருத்துவக் காப்புறுதி எடுத்தபோது, முகவர் காட்டிய இடத்தில் கையொப்பமிட்டேனே தவிர பத்திரத்தை வாசிக்கவில்லை. அதன் விலையை இரண்டு வருடங்களின் பின்னர் எனது கணக்காளர் கொடுத்தார்.

அவர் மருதமுனையைச் சேர்ந்தவர். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தாயையும் தங்கையையும் இழந்தவர். (அவருடைய சம்மதத்துடனேயே எழுதுகிறேன்.) பெரும்போக அறுவடை முடிந்து நெல் வந்து குவிகின்ற காலம். மனிதர் தூக்கமில்லாமல் வருவார். எழுதிய பக்கத்தையே மறுபடியும் எழுதுவார். ஒருநாள் கல்லாவுக்கு முன்னால் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டார். ஊரில் யாருக்கும் தெரியக்கூடாது என்று குடும்பத்தார் கொழும்புக்குக் கொண்டுபோய் ஒரு தனியார் வைத்தியசாலையில் ஒன்பது நாட்கள் வைத்திருந்தார்கள். "காப்புறுதி இருக்குத்தானே காக்கா" என்று அவருடைய மச்சான் கேட்டபோது, "பயப்படாதீங்க, நான் பார்க்கிறேன்" என்று தைரியமாகச் சொன்னேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. மனநோய் சார்ந்த சிகிச்சைகள் இந்தப் பத்திரத்தில் அடங்காதாம். எடுத்துப் பார்த்தேன். பதினான்காம் பக்கத்தில், விலக்குகள் என்ற தலைப்பின் கீழ், அழகுக்காகச் செய்யும் சத்திரசிகிச்சைக்கும் மதுபாவனையால் வரும் நோய்க்கும் நடுவில் அந்த ஒரு வரி இருந்தது. கம்பனி ஏமாற்றவில்லை. நான்தான் வாசிக்கவில்லை.

கம்பனிகள் ஏன் இப்படி எழுதுகின்றன? கால் முறிந்தால் எக்ஸ்ரே உண்டு, சீனி வருத்தத்துக்கு இரத்தப் பரிசோதனை உண்டு. மனச்சோர்வுக்கு அப்படி ஒரு காகிதம் கிடையாது. எத்தனை மாதம் மருந்து என்பதும் முன்கூட்டித் தெரியாது. இன்னொரு பயமும் உண்டு. கிட்டங்கித் தாம்போதிக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர் மாத்திரம் வெள்ளக் காப்புறுதி கேட்டு வந்தால் கம்பனி நட்டப்படும் அல்லவா? அதுபோல, தேவைப்படுபவர் மட்டுமே இதைக் கேட்டு வருவார் என்று கணக்குப் போடுகிறார்கள். வியாபாரக் கணக்கு என்ற அளவில் இது விளங்குகிறது. ஆனால் குழுக் காப்புறுதியில் சுகதேகிகளும் நோயாளிகளும் ஒன்றாகத்தான் சேர்கிறார்கள் என்பதால் அந்த நியாயம் அங்கே பாதி செத்துவிடுகிறது.

இந்தியா இதனைச் சட்டத்தாலேயே மாற்றியது. அங்கு 2017 இல் நிறைவேறி 2018 மே 29 இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21(4) ஆம் பிரிவு, உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்புறுதி உண்டோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் வழங்க வேண்டும் என்கிறது. அதன் பிறகும் கம்பனிகள் பழைய விலக்கை விட்டுவிடவில்லை. 2020 இல் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட ஒரு பெண்ணின் கோரிக்கையை அரச கம்பனியொன்று நிராகரிக்க, அவர் டில்லி உயர் நீதிமன்றம் சென்றார். 2021 ஏப்ரலில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது: காப்புறுதித் தொகையான 3.95 இலட்சம் இந்திய ரூபாவும் வழக்குச் செலவாக 25,000 ரூபாவும் கொடுக்க வேண்டும். 2022 ஒக்டோபரில் அந்நாட்டுக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை, அந்த மாதம் 31 ஆம் திகதிக்குள் எல்லாக் கம்பனிகளும் இதற்கு இணங்க வேண்டுமெனப் பணித்தது. சட்டம் வந்து நான்கு வருடங்களுக்குப் பிறகு!

எமது நாட்டில் அப்படிக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. மனநோய் பற்றிய எமது கட்டளைச் சட்டம் 1873 ஆம் ஆண்டுக்குரியது. மிகப் பழைய காலத்துச் சரக்கு. காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம்தான். ஆனால் பத்திரத்திலேயே விலக்கி எழுதப்பட்டதை அவர் எப்படிப் பெற்றுத்தருவார்? ஆகவே எமது பேரம் கையொப்பத்துக்கு முன்னர்தான் நடக்க வேண்டும்.

தனிநபர் பத்திரத்தில் பேரம் பேசுவது கடினம். குழுப் பத்திரத்தில் முடியும். வருடாந்தப் புதுப்பித்தலின்போது மனநோய் விலக்கை நீக்குமாறு எழுத்தில் கேளுங்கள். முகவரின் வாய்வார்த்தை போதாது. பத்திரத்தோடு இணைக்கப்பட்ட திருத்தம் கையில் வரவேண்டும். தகாபுல் எடுப்பவர்களும் இதையே கேட்க வேண்டும். வட்டி இல்லை என்பது வேறு, விலக்குப் பட்டியல் வேறு. விலக்கு நீங்கினாலும் அதோடு முடியாது. மனநோய்க்கான சிகிச்சையில் பெரும்பகுதி கட்டிலில் படுத்து எடுப்பதல்ல, கிளினிக்குக்குப் போய்வந்து எடுப்பது. வெளிநோயாளர் செலவு இல்லாத பத்திரம் அங்கே அதிகம் உதவாது. முன்பே மருந்து எடுப்பவர் அதனை மறைத்து விண்ணப்பித்தால் முழுப் பத்திரமும் செல்லாமல் போகலாம். பழுதை மறைத்து விற்ற சரக்கைத் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு உரிமை உண்டல்லவா, அதே நியாயம்தான்.

ஒரு விடயம் இன்னும் உறுத்துகிறது. கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலை, கட்டணம் இல்லை. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகலாக எந்த நேரமும் பேசலாம். எமது கணக்காளரின் குடும்பம் கொழும்பில் கட்டிய காசு வைத்தியத்துக்கு மட்டுமல்ல. பாதிக்கு மேல் ஊர்வாய்க்குக் கொடுத்த காசு. அந்தக் கட்டணத்தை நானும் அவர்களும் பங்குபோட்டுக் கட்டினோம்.

இப்போது அவர் மாதம் ஒருமுறை கல்முனைக் கிளினிக்குக்குப் போகிறார். அந்த அரைநாளுக்குச் சம்பளம் வெட்டுவதில்லை. இவ்வருடம் புதுப்பிக்கும்போது கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம் கூடுதல் கட்டணத்துக்கு, வைத்தியசாலையில் தங்கும் செலவை ஓர் எல்லை வரை சேர்த்தார்கள். வெளிநோயாளர் செலவுக்கு முடியாது என்றார்கள். புதிய பத்திரம் வந்ததும் முதலில் கணக்காளரிடம்தான் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்து, மூன்று இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, "காக்கா, இதுகளையும் கேட்டுப்போட்டு சைன் வைங்க" என்றார்.