இயற்கையிடம் பாடம் கேட்ட காட்சிக்கூடம்

தொழில் நிறுவனங்களும் அவற்றின் கூட்டமைப்புகளும் தம் பணியைப் பொதுமக்களுக்கு விளக்கிக் காட்டும்பொருட்டுப் பார்வையாளர் நிலையங்களை அமைத்து வருகின்றன. அவற்றுள் பல, தாம் இயற்கையைப் பின்பற்றி அமைந்தவை என்று அறிமுகம் செய்துகொள்கின்றன. மாணாக்கரை அழைத்துச் செல்லும் ஆசிரியரும், உழவர் குழுவினரை அழைத்துச் செல்லும் களப் பணியாளரும் இக்கூற்றை ஆராயாமல் ஏற்றல் ஆகாது. கூரையை இலை வடிவிலும் தூணை மரக்கிளை வடிவிலும் சமைத்த கட்டடம் இயற்கையின் தோற்றத்தை மட்டுமே பெற்றிருக்கலாம். வெயிலையும் காற்றையும் நீரையும் இயற்கை எம்முறையில் கையாளுகிறது என்பதை அறிந்து, அம்முறையைத் தானும் மேற்கொண்ட கட்டடமே பாடம் நடத்துதற்கு உரியது.

இதற்கு ஆராயத்தக்க சான்று ஒன்று ஹைதராபாத்தில் உள்ளது. இந்தியத் தொழிற் கூட்டமைப்பு, அந்நாளைய ஆந்திரப் பிரதேச அரசு, பிரோஜ்ஷா கோத்ரெஜ் அறநிறுவனம் ஆகிய மூன்றின் கூட்டு முயற்சியால் எழுந்த சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையமே அது. வடோதராவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் கரண் குரோவர் அதனை வடிவமைத்தார். 2004-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்து வைத்தார். லீட் எனப்படும் அமெரிக்கப் பசுமைக் கட்டட மதிப்பீட்டு முறையில் பிளாட்டினம் என்னும் உச்சநிலையை, அமெரிக்காவிற்கு வெளியே முதன்முதலாகப் பெற்ற கட்டடம் இதுவாகும். பரப்பு சுமார் 20,000 சதுர அடி. அலுவலகமும் கருத்தரங்கக் கூடமும் காட்சிக்கூடமும் ஒருங்கே அமைந்துள்ளன. ஆயினும் அங்கு முதலில் காண வேண்டிய காட்சிப்பொருள் அக்கட்டடமே என்று கூறுதல் மிகையாகாது.

நடுவே திறந்த முற்றம். அதனைச் சூழ்ந்து வட்டமாக அறைகள். இதனால் பணியிடங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் பகலில் விளக்கு ஏற்றத் தேவையில்லை. கூரைப் பரப்பில் பாதிக்கு மேல் மண்ணிட்டுச் செடி வளர்த்துள்ளனர். எஞ்சிய பகுதியில் சூரிய மின்தகடுகள் உள்ளன. இவை இன்று பல இடங்களிலும் காணக்கூடியவை. காற்றுக் கோபுரங்களைப் பற்றியே சற்று விரிவாகக் கூற வேண்டும்.

உள்ளீடற்றனவாகக் கட்டப்பெற்ற இரு கோபுரங்களின் வழியே வெளிக்காற்று கீழிறங்குகிறது. மேலிருந்து விடப்படும் நீரால் நனைந்த அவ்வழியில் காற்றின் வெப்பம் தணிகிறது. தணிந்த காற்றே குளிர்பதனப் பொறிக்குச் செல்கிறது. ஆகவே பொறியின் வேலையில் ஒரு பகுதியைக் கோபுரம் முன்னரே முடித்துவிடுகிறது. இதன் தத்துவம் நம் வீட்டு மண்பானையின் தத்துவமே. ஒரு கிராம் நீர் சாதாரண வெப்பநிலையில் ஆவியாதற்குச் சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். அதனை நீர் தன்னைச் சூழ்ந்த காற்றினின்றும் சுவரினின்றும் எடுத்துக்கொள்கிறது. இலைத்துளைகளின் வழியே நீரை ஆவியாக்கும் மரமும் இவ்வாறே தன் சூழலைக் குளிர்விக்கிறது.

எவ்வளவு குளிரும் என்பது காற்றின் வறட்சியைப் பொறுத்தது. தக்காணப் பீடபூமியின் கோடைப் பிற்பகலில் வெப்பநிலை 40 டிகிரி சென்டிகிரேடு, காற்றின் ஈரப்பதம் 20 விழுக்காடு எனக் கொள்வோம். நீரை ஆவியாக்குவதன்மூலம் அக்காற்றை ஏறத்தாழ 23 டிகிரி வரை குளிர்விக்க இடமுண்டு. நடைமுறையில் அதில் ஒரு பகுதியே கைகூடும். சென்னை போன்ற கடற்கரை ஊரில் 34 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நாளிலோ, எல்லை 29 டிகிரியிலேயே நின்றுவிடும். மேலும் ஈரம் ஏறிய காற்றில் வியர்வையும் எளிதில் உலராது. ஹைதராபாத்துக் கோபுரத்தைக் கண்டு வியந்து அதனையே கடற்கரையில் எழுப்பும் நிறுவனம், பொருளையும் நீரையும் வீணாக்கியதாகும். எந்த ஊரின் இயற்கை என்னும் கேள்வியைக் கேளாமல் இயற்கையைப் பின்பற்ற இயலாது.

அடுத்து, துளைச்சுவர். வடநாட்டார் ஜாலி என்றும் நம்மவர் சாலகம் என்றும் கூறுவர். ஹைதராபாத்து மையத்திலும் இதனைக் காணலாம். மரத்தின் தழை வெயிலைச் சல்லடையிட்டுத் தரையில் விழச் செய்வதுபோல, இது நேர்வெயிலைத் தடுத்து ஒளியையும் காற்றையும் மட்டும் உள்ளே விடுகிறது. ஆனால் இதைப்பற்றிப் பிழையான விளக்கம் ஒன்று பரவியுள்ளது. குறுகிய துளையில் நெருக்குண்டு வெளிப்படும் காற்று விரிவடைந்து குளிர்கிறது என்பர். கணக்கிட்டுப் பார்த்தால் இதன் பொய்ம்மை விளங்கும். காற்று வினாடிக்கு 5 மீட்டர் வேகம் பெறுவதால் உண்டாகும் வெப்பக் குறைவு ஒரு டிகிரியில் நூற்றில் ஒரு பங்கு அளவே. துளைச்சுவரருகில் நாம் உணரும் குளிர்ச்சிக்குக் காரணம் நிழலும், மேனியின் வியர்வையை உலர்த்தும் காற்றோட்டமுமேயாம்.

இயற்கையைத் தவறாக உணர்ந்தும் நல்ல கட்டடம் எழுப்பியோர் உண்டு. ஜிம்பாப்வே நாட்டின் ஹராரே நகரில் 1996-இல் திறக்கப்பெற்ற ஈஸ்ட்கேட் என்னும் வணிகக் கட்டடத்தை மிக் பியர்ஸ் என்பார் கரையான் புற்றை முன்மாதிரியாகக் கொண்டு அமைத்தார். புற்றின் உட்சூட்டால் மேலெழும் காற்று கூட்டின் வெப்பத்தைச் சீராக வைக்கிறது என்பது 1961-இல் மார்ட்டின் லூஷர் வெளியிட்ட கருத்தின் வழிவந்த நம்பிக்கை. பின்னர் ஸ்காட் டர்னர், ரூப்பர்ட் சோர் ஆகியோர் 2008-இல், ஆப்பிரிக்கப் புற்றுகளை ஆராய்ந்ததன் பயனாக இதனை மறுத்தனர். கூட்டின் வெப்பநிலை சூழ்ந்த நிலத்தின் வெப்பநிலையையே பின்தொடர்கிறது என்றும், புற்று மூச்சுப்பைபோல் வாயுக்களைப் பரிமாறும் உறுப்பு என்றும் விளக்கினர். தென்னிந்தியாவில் காணப்படும் ஓடான்டோடெர்மீஸ் ஒபீசஸ் என்னும் கரையானின் புற்றை ஆராய்ந்து 2015-இல் வெளிவந்த ஆய்வு மேலும் தெளிவு தந்தது. பகலில் புற்றின் வெளிமடிப்புகள் விரைவில் சூடேற, அங்குக் காற்று மேலெழுந்து நடுவில் இறங்குகிறது. இரவில் இவ்வோட்டம் திசை மாறுகிறது. உள்ளே சேர்ந்த கரியமில வாயு அப்பொழுது வெளியேறுகிறது. ஹராரேக் கட்டடம் குளிர்வதோ, கனத்த கட்டுமானத்தில் இரவுக் குளிர்ச்சியைத் தேக்கி வைப்பதனாலும் மின்விசிறிகளின் உதவியாலும் ஆகும். கட்டடம் நன்கு பயன்படுகிறது. அதனோடு வழங்கும் கதைதான் திருத்தப்பட வேண்டியது.

காட்சிக்கூடத்தின் பொறுப்பு இங்கேதான் வருகிறது. கட்டடம் கண்ணுக்குத் தெரியாத பிழையையும் தாங்கி நிற்கும். விளக்கப் பலகையில் எழுதப்பட்ட பிழையோ, ஆயிரம் மாணாக்கரின் குறிப்பேடுகளில் ஏறிவிடும். இவ்வகைப் பலகைகளை மொழிபெயர்க்கும்பொழுது ‘இயற்கையால் தூண்டப்பெற்றது’ என்னும் தொடர் அடிக்கடி எதிர்ப்படும். எதனால், எவ்வாறு என்று கேட்டால் விடை கூறாத தொடர் அது. அதற்கு மாறாக, கோபுரத்தின் மேல்வாயில் ஒன்றும் கீழ்வாயில் ஒன்றுமாக இரு வெப்பமானிகளைப் பொருத்தி, அவை காட்டும் அளவைக் காண்போர் படிக்குமாறு வைத்தல் நலம். ஹைதராபாத்து மையத்தில் கழிவுநீரை நாணல் வகைச் செடிகளின் வேர்ப்படுகையில் செலுத்தித் தூய்மையாக்குகின்றனர். வேரைச் சூழ்ந்து வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன; தெளிந்த நீர் தோட்டத்திற்குப் பாய்கிறது. இத்தகைய படுகைக்குள் செல்லும் நீரையும் வெளிவரும் நீரையும் இரு கண்ணாடிக் குவளைகளில் அருகருகே வைத்தால், உழவர் எவரும் பலகையைப் படியாமலே உணர்ந்துகொள்வர்.

நிலையத்திற்கு அழைத்துச் செல்லுமுன் பள்ளியிலேயே ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம். ஒரே வகையான இரு வெப்பமானிகளை நிழலில் தொங்கவிடுக. ஒன்றின் குமிழில் நனைந்த மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, விசிறியால் காற்று வீசச் செய்க. ஐந்து நிமிடம் கழித்து இரண்டையும் படித்து, வேறுபாட்டைக் குறிக்க. இதனைக் காலை 8 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும், மே மாதத்தில் ஒரு வாரமும் நவம்பரில் ஒரு வாரமும் செய்து அட்டவணையாக்கினால், தம் ஊரில் காற்றுக் கோபுரம் எந்தப் பருவத்தில், எத்தனை டிகிரி வரை பயன்படும் என்பதை மாணாக்கர் தாமே கூறிவிடுவர்.