முல்லைப் பெரியாறும் முடங்கிய அவைகளும்: முக்கியக் குறிப்புகள்

இந்திய ஆட்சியியலில் கூட்டாட்சி, நாடாளுமன்றம், கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று மூன்று பாடங்களாகப் பிரித்துப் படிப்பதை தேனி மாவட்டத்து மாணவர்கள் ஒரே பாடமாகப் படித்துவிடலாம். மூன்றுக்கும் உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. வினாத்தாளில் கேட்பது தேதியைத்தான். மனப்பாடம் செய்யும்போது ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியைக் கழித்தும் பாருங்கள். அந்த இடைவெளியில் கம்பம் பள்ளத்தாக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான் முதன்மைத் தேர்வுக்கான விடை.

அணை: அடிப்படை

• ஒப்பந்தம்: 29 அக்டோபர் 1886. திருவிதாங்கூர் சமஸ்தானமும் பிரிட்டிஷ் இந்திய அரசும் செய்துகொண்டது. 999 ஆண்டு குத்தகை, 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய்.

• கட்டியவர் கர்னல் ஜான் பென்னிகுவிக் (பிறப்பு 15 ஜனவரி 1841). திறப்பு 10 அக்டோபர் 1895, சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு. லோயர்கேம்ப்பில் மணிமண்டபம் திறக்கப்பட்டது 15 ஜனவரி 2013. திறந்து வைத்தவர் ஜெயலலிதா.

• 1 நவம்பர் 1956, மொழிவழி மாநிலங்கள்: தேவிகுளம், பீர்மேடு கேரளத்துக்குப் போயின. அணை நிற்கும் நிலம் கேரளத்தில். அணையை இயக்கிப் பராமரிப்பது தமிழ்நாடு. கேரள எல்லைக்குள் தமிழ்நாட்டுக்கு அணைகள் நான்கு: முல்லைப் பெரியாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம். ‘பொருந்தாததைக் கண்டறிக’ வகைக்கு இது தோதான பட்டியல்.

• 1970 துணை ஒப்பந்தம்: குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாய். மீன்பிடி உரிமை கேரளத்துக்கு, மின் உற்பத்தி உரிமை தமிழ்நாட்டுக்கு.

• தண்ணீர் வரும் வழி: தேக்கடி, சுரங்கம், லோயர்கேம்ப் மின்நிலையம், முல்லையாறு, வைகை. லோயர்கேம்ப்பிலிருந்து குமுளிக்கு மலையேறும் பேருந்தில் உட்கார்ந்தால், மேலிருந்து சரிவில் இறங்கும் நான்கு ராட்சதக் குழாய்களைப் பார்க்கலாம். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களின் பாசனமும் குடிநீரும் அந்தக் குழாய் வழியாக இறங்குவதை நம்பியிருக்கின்றன.

• கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக ஆயக்கட்டு 14,707 ஏக்கர். முதல்போகத்துக்கு வழக்கமான திறப்பு நாள் ஜூன் 1.

136, 142, 152

மூன்று எண்ணையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 152 அடி என்பது அணையின் முழு நீர்மட்டம். 136 அடி என்பது 1979-இல் பாதுகாப்பு ஐயம் எழுந்தபோது, பலப்படுத்தும் வேலை முடியும்வரை என்று இறக்கிவைத்த மட்டம். 142 அடி என்பது உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

• 27 பிப்ரவரி 2006: 142 அடிவரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மார்ச் மாதமே கேரள சட்டமன்றம் பாசனச் சட்டத்தைத் திருத்தி 136 அடி என்று எழுதிவைத்தது. தீர்ப்புக்கும் அதை முடக்கிய சட்டத்துக்கும் நடுவே சில வாரங்கள்தான். முட்டுக்கட்டை போட வேண்டும் என்றால் அவைகளுக்கு எவ்வளவு வேகம் வரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

• அதே ஆண்டு தமிழ்நாடு சட்டப்பிரிவு 131-இன் கீழ் அசல் வழக்கு தொடுத்தது. கவனிக்க: 262 அல்ல, 131. நதிநீர்த் தகராறுகளில் நீதிமன்றம் தலையிடாதபடி நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்பது 262. இங்கே கேள்வி நீர்ப் பங்கீடு பற்றியதல்ல. அணையின் பாதுகாப்பும் நீர்மட்டமும் பற்றியது. அதனால் 262 குறுக்கே வரவில்லை. கூற்று–காரணம் வகைக் கேள்விக்கு ஏற்ற இடம்.

• 2010: முன்னாள் தலைமை நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் அதிகாரக் குழு. அறிக்கை ஏப்ரல் 2012.

• 7 மே 2014: ஆர்.எம். லோதா தலைமையில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு கேரளத் திருத்தச் சட்டம் செல்லாது என்றது. காரணம் அதிகாரப் பிரிவினை: நீதிமன்றத் தீர்ப்பைச் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டு ரத்து செய்ய முடியாது. மூவர் கண்காணிப்புக் குழுவும் அமைக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் மக்களவை வாக்குப்பதிவு முடிந்தது ஏப்ரல் 24. எண்ணிக்கை மே 16. ஓட்டு பெட்டிக்குள் இருக்கும்போது வந்த தீர்ப்பு இது.

• நவம்பர் 2014: நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது. 1979-இலிருந்து கழித்தால் 35 ஆண்டு. அன்று முதல்போகத்துக்கு நாற்றுப் பாவியவரின் பேரன் அறுவடைக்கு வந்துவிட்டான்.

டிசம்பர் 2011: யார் எந்தக் கட்சி?

இந்தப் பகுதி எந்த வழிகாட்டி நூலிலும் இப்படி இராது. ஆனால் முதன்மைத் தேர்வில் ‘கூட்டாட்சியும் கட்சி அமைப்பும்’ என்று கேட்டால் இதுதான் உங்கள் உதாரணம்.

இடுக்கியில் அந்த ஆண்டு நில அதிர்வுகள் உணரப்பட்டன. அணைக்குக் கீழே இருப்பவர்களின் பயம் நடிப்பல்ல. டிசம்பர் 9 அன்று கேரள சட்டமன்றம் புதிய அணை வேண்டும், நீர்மட்டத்தை 120 அடிக்கு இறக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. டிசம்பர் 15 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் நேர் எதிராக ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் குமுளியை நோக்கி நடந்தார்கள். எல்லை மூடியது. விடியுமுன் கம்பத்தில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் தூக்குச்சட்டியோடு வீட்டில் உட்கார்ந்தார்கள். தோட்டம் மலையாளி பெயரில் இருந்தாலும், கம்பத்துக்காரர் பெயரில் இருந்தாலும் கூலி ஒன்றுதான்; அது நின்றது.

இப்போது பட்டியலைப் பாருங்கள். பிரதமர் மன்மோகன் சிங், காங்கிரஸ். கேரள முதல்வர் உம்மன் சாண்டி, காங்கிரஸ். தேனி மக்களவை உறுப்பினர் ஜே.எம். ஆரூண், காங்கிரஸ். இடுக்கி மக்களவை உறுப்பினர் பி.டி. தாமஸ், அவரும் காங்கிரஸ். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மேலேயும் ஒரே கட்சி இருந்தும் ஒரு மேசையில் உட்கார்ந்து தீரவில்லை. எனவே ‘கட்சிகள் சண்டை போடுவதால் காரியம் நடப்பதில்லை’ என்று பொதுவாக எழுதாதீர்கள். இங்கே ஒரு தேசியக் கட்சி கம்பத்தில் ஒன்றும் குமுளியில் ஒன்றும் பேசியது. இடதுசாரிகளும் இதற்கு விலக்கல்ல. 18-ஆவது மக்களவையிலும் (2024) தேனி உறுப்பினர் தங்க தமிழ்ச்செல்வனும் (திமுக) இடுக்கி உறுப்பினர் டீன் குரியாகோசும் (காங்கிரஸ்) எதிர்க்கட்சி வரிசையில் ஒரே அணி. அணை விஷயத்தில் நேரெதிர்.

• சட்டப்பிரிவு 263, மாநிலங்களுக்கிடையேயான மன்றம்: சர்க்காரியா குழுப் பரிந்துரைப்படி 1990-இல் அமைந்தது. ஆண்டுக்கு மூன்று முறையாவது கூட வேண்டும் என்பது விதி. 10-ஆவது கூட்டம் டிசம்பர் 2006, 11-ஆவது கூட்டம் ஜூலை 2016. கழித்துக்கொள்ளுங்கள். 2011 கொதிப்பும் 2014 தீர்ப்பும் அந்த இடைவெளிக்குள் விழுகின்றன.

• நவம்பர் 2021, பேபி அணை (முதன்மை அணையை ஒட்டிய சிறிய அணை): அதைப் பலப்படுத்த 15 மரங்களை வெட்டக் கேரள வனத்துறை அனுமதி தந்தது. சில நாளிலேயே அனுமதி ரத்து.

ஒரே மசோதா, மூன்று பிறவி

அணைப் பாதுகாப்பு மசோதா முதலில் 2010-இல் மக்களவையில் அறிமுகம். 15-ஆவது மக்களவையோடு காலாவதி. 2018 டிசம்பரில் மறுபடி அறிமுகம். 16-ஆவது மக்களவையோடு காலாவதி. 2019-இல் மூன்றாவது தடவை: ஆகஸ்ட் 2 மக்களவையில் நிறைவேற்றம், 2 டிசம்பர் 2021 மாநிலங்களவையில் நிறைவேற்றம், 30 டிசம்பர் 2021 நடைமுறை.

மாநிலங்களவையில் நிறைவேறிய அந்தக் கூட்டத்தொடரின் முதல் நாளான நவம்பர் 29 அன்றுதான் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 12 பேர் தொடர் முழுவதும் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். தமிழ்நாட்டுக் கட்சிகள் மாநில உரிமை பறிபோகிறது என்று மசோதாவை எதிர்த்தன. ஒரு மாநிலத்தின் அணை இன்னொரு மாநிலத்தில் இருந்தால், அதைக் கவனிப்பது தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையம் என்கிறது சட்டம். 8 ஏப்ரல் 2022 அன்று உச்ச நீதிமன்றம் கண்காணிப்புக் குழுவில் இரு மாநிலத்திலிருந்தும் ஒவ்வொரு வல்லுநரைச் சேர்த்து, இந்தச் சட்டத்தின் அதிகாரத்தைக் குழுவுக்குத் தந்தது. எதிர்த்த சட்டமே நமக்குக் கைகொடுத்ததா என்பது விவாதத்துக்குரியது; இரு பக்கமும் எழுதலாம்.

அவை முடக்கம்: விரைவுக் குறிப்புகள்

• 17 ஏப்ரல் 1999: ஒரு ஓட்டில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது (269–270).
• 2010 குளிர்காலத் தொடர்: 2ஜி விவகாரத்தில் கூட்டுக்குழு கேட்டு ஏறக்குறைய முழுத் தொடரும் முடக்கம். குழு அமைந்தது 2011-இல்.
• மகளிர் இடஒதுக்கீடு: முதல் அறிமுகம் 1996, மாநிலங்களவையில் நிறைவேற்றம் 9 மார்ச் 2010, அரசியல் சாசனத் திருத்தம் (106-ஆவது) 2023.
• 17-ஆவது மக்களவை (2019–24): துணை சபாநாயகர் இல்லாமலேயே முழுக்காலத்தையும் ஓட்டியது (சட்டப்பிரிவு 93). அதற்கு முந்தைய அவையில் இருந்தவர் மு. தம்பிதுரை.
• டிசம்பர் 2023: இரு அவையிலும் சேர்த்து 146 உறுப்பினர்கள் இடைநீக்கம்.


ஆண்டிபட்டி, பெரியகுளம்: 20 மாதம்

தேனி மாவட்டத்தில் சட்டமன்றத் தொகுதிகள் நான்கு. 2016-இல் நான்கையும் வென்றது அதிமுக. மறு ஆண்டே அந்த ஒரு கட்சியின் பிளவு நால்வரையும் நாலு திசைக்கு இழுத்தது.

போடி உறுப்பினர் ஓ. பன்னீர்செல்வம் 18 பிப்ரவரி 2017 நம்பிக்கை வாக்கெடுப்பில் எடப்பாடி பழனிசாமி அரசை எதிர்த்து ஓட்டுப் போட்டார். ஆகஸ்ட் 21-இல் அதே அரசில் துணை முதல்வர். மறுநாள் 19 உறுப்பினர்கள் முதல்வரை மாற்றக் கோரி ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அதில் ஆண்டிபட்டி தங்க தமிழ்ச்செல்வன், பெரியகுளம் கதிர்காமு, கம்பம் ஜக்கையன் மூவரும் உண்டு. ஜக்கையன் முதல்வர் பக்கம் திரும்பினார். மீதி 18 பேரைச் சபாநாயகர் ப. தனபால் 18 செப்டம்பர் 2017 அன்று பத்தாவது அட்டவணையின் கீழ் தகுதி நீக்கினார்.

கடிதத்துக்கும் தகுதி நீக்கத்துக்கும் இடையே 27 நாள். பிப்ரவரியில் எதிர்த்து ஓட்டுப் போட்ட பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 பேர் மீதான புகாரோ 2020-இல்கூட உச்ச நீதிமன்றம் சபாநாயகர் முடிவுக்கே விட்ட நிலையில் இருந்தது. இந்த ஒப்பீட்டை விடையில் எழுதுங்கள். கூடவே 21 ஜனவரி 2020 மணிப்பூர் வழக்குத் தீர்ப்பையும் (சபாநாயகர் மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும்) சேர்த்தால் மதிப்பெண் உறுதி.

• 14 ஜூன் 2018: உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு. 25 அக்டோபர் 2018: மூன்றாவது நீதிபதி எம். சத்யநாராயணன் தகுதி நீக்கத்தை உறுதி செய்தார்.

• மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 151ஏ: காலியிடத்துக்கு ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல். நடந்தது 18 ஏப்ரல் 2019. முடிவு 23 மே. இருபது மாதம்.

• ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் அக்டோபர் 2016-இல் முடிந்தது. ஊரகத் தேர்தல் நடந்தது டிசம்பர் 2019 (சட்டப்பிரிவு 243இ என்ன சொல்கிறது என்று புரட்டிப் பாருங்கள்). ஆக, அந்த இருபது மாதமும் ஆண்டிபட்டி ஒன்றியத்துக் கிராமத்தில் குடிநீர் வரவில்லை என்றால், போய் நிற்க ஊராட்சித் தலைவர் இல்லை, சட்டமன்ற உறுப்பினர் இல்லை. தனி அலுவலர் இருந்தார். அவருக்கு யாருடைய ஓட்டும் தேவையில்லை.

• இடைத்தேர்தலில் ஆண்டிபட்டியில் அண்ணன் தம்பி மோதினார்கள்: திமுக மகாராஜன், அதிமுக லோகிராஜன். ஆண்டிபட்டி, பெரியகுளம் இரண்டும் திமுகவுக்கு. அதே நாள் நடந்த மக்களவைத் தேர்தலில் தேனி அதிமுகவுக்கு (ரவீந்திரநாத்). அந்த ஆண்டு தமிழ்நாட்டில் அக்கட்சி வென்ற ஒரே மக்களவைத் தொகுதி இது.

தாமதம் வேண்டும் என்றவர்களும் உண்டு

நம் மாவட்டத்துப் பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகம்: மத்திய அமைச்சரவை ஒப்புதல் ஜனவரி 2015, மதிப்பீடு 1,500 கோடி ரூபாய். வழக்குகளிலும் எதிர்ப்பிலும் நின்றது. 2022-இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது. டெல்லி இதை முட்டுக்கட்டை என்றது. மலையடிவாரத்தில் மாடு மேய்ப்பவர்கள் அப்படிச் சொல்லவில்லை.

கடைசியாக ஒரு பொறி

சட்டப்பிரிவு 107: கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டால் மசோதா காலாவதி ஆகாது. மாநிலங்களவையில் நிலுவையில் இருந்து, மக்களவை இன்னும் நிறைவேற்றாதது மக்களவை கலைந்தாலும் காலாவதி ஆகாது. மக்களவை நிறைவேற்றி மாநிலங்களவையில் தேங்கிக் கிடப்பது காலாவதி ஆகும். எல்லா நதிநீர்த் தகராறுக்கும் ஒரே நிரந்தரத் தீர்ப்பாயம் அமைக்கும் திருத்த மசோதா 31 ஜூலை 2019 அன்று மக்களவையில் நிறைவேறியது. 5 ஜூன் 2024 அன்று 17-ஆவது மக்களவை கலைக்கப்பட்டபோது அது மாநிலங்களவையில் இருந்தது. விடைத் தெரிவுகளில் ‘நடைமுறையில் உள்ளது’, ‘நிலுவையில் உள்ளது’ இரண்டையும் அடித்துவிடுங்கள்.