அப்பாவுக்குக் கையால் செய்த பரிசு



ஜூன் மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை தந்தையர் தினம். அது நெருங்கும்போது டவுன் கடைகளில் பளபளப்பான வாழ்த்து அட்டையும் பூப்போட்ட கோப்பையும் வந்துவிடும். பிள்ளைகள் அம்மாவிடம் காசு கேட்டு அடம்பிடிப்பதை லயங்களில் நாங்கள் பார்க்கிறோம். சில வீடுகளில் கடனுக்கு வாங்கிக் கொடுப்பார்கள். கடைசியில் அந்தக் கடனை அடைப்பதும் அப்பாதான்! ஆகவே காசு செலவில்லாமல் செய்யக்கூடிய மூன்று பொருட்களை இங்கே சொல்லித் தருகிறோம்.

முதலாவது, அட்டைக்கு உப்பு முடிச்சு. சின்னப் பிள்ளைகளும் செய்யலாம். ஜூன் மாதம் மழைக்காலம், மலையில் அட்டைக்குக் குறைவில்லை. உள்ளங்கை அளவு பழைய பருத்தித் துணியில் ஒரு பிடி உப்பு வைத்து இறுக்கிக் கட்டி, ஒரு அடி நீளக் குச்சியின் நுனியில் சாக்கு நூலால் சுற்றிவிடுங்கள். அப்பா இதை ஈரமாக்கி, பூட்சில் ஏறும் அட்டையைத் தொட்டால் அது சுருண்டு விழும். கடித்து ஒட்டிக்கொண்ட அட்டைக்கு மட்டும் உப்பு போட வேண்டாம். அது வயிற்றில் உள்ளதைக் கடிவாயில் கக்கினால் புண் வைக்கும். நகத்தால் ஓரமாகத் தள்ளி எடுத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவுவதே நல்லது.

இரண்டாவது, கவ்வாத்துக் கத்திக்கு உறை. இது பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு. வெறுங்கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வழுக்குப் பாதையில் இறங்குகிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு நெஞ்சு பதறும். பெரியவர் ஒருவர் கத்தியைப் பேப்பரில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டுத் தரட்டும். பிள்ளைகள் கத்தியைத் தொடக் கூடாது. கோட்டுக்கு வெளியே இரண்டு விரல் அகலம் விட்டு, தேய்ந்துபோன பூட்சின் மேல்பகுதியில் இரண்டு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். இங்கேதான் கவனம் வேண்டும். இரண்டையும் அப்படியே சேர்த்துத் தைத்தால் கத்தியின் வாய் உள்ளிருந்து நூலை அறுத்துவிடும். அதனால் ஓரம் நெடுக ஒரு விரல் அகல ரப்பர் பட்டியை நடுவில் வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டும். வாய்ப்பக்கத்தை மட்டும் திறந்து விடுங்கள்.

மூன்றாவது, காகிதப் பை. பார்வைக்கு ரொம்பச் சாதாரணம். ஆனால் எங்களிடம் கேட்டால் மூன்றிலும் பெரியது இதுதான்.

ஓய்வுபெற்ற ஒருவர் சேமலாப நிதியை எடுக்க எங்களிடம் வந்தார். தோட்டப் பதிவில் அவர் பெயர் ஒரு விதம், அடையாள அட்டையில் வேறு விதம். பழைய சம்பளத் துண்டு ஒன்றுகூடக் கையில் இல்லை. கூரை ஒழுகி எல்லாம் கூழாகிவிட்டதாம். அவருடைய காசுதான், ஆனால் அதை வாங்க எத்தனை மாதம் நடந்தார் தெரியுமா?

பழைய கலண்டர் தாள்கள் நான்கை மடித்து நான்கு பையாக ஒட்டுங்கள். ஒரு கரண்டி கோதுமை மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, அரைக் கோப்பை கொதிதண்ணீர் ஊற்றிக் கிண்டினால் பசை தயார். கொதிதண்ணீரை அம்மாவோ அக்காவோ ஊற்றட்டும். மாப்பசையைக் கரப்பான் தின்னும், ஆகையால் ஓரங்களை நூலாலும் தைத்துவிடுங்கள். ஒன்றில் சம்பளத் துண்டு, ஒன்றில் சேமலாப நிதிக் கடிதங்கள், ஒன்றில் அடையாள அட்டைப் பிரதி, ஒன்றில் பிறப்புப் பத்திரங்கள். எல்லாவற்றையும் சீனி வந்த பொலித்தீன் பையில் போட்டு, ஒழுகாத மூலையில் தொங்கவிடுங்கள். உர பேக், மருந்து கேன் எதையும் இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம். கழுவினாலும் நஞ்சு போகாது.

அதோடு இன்னொன்றும் செய்யலாம். மாதா மாதம் சம்பளத் துண்டை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். எத்தனை பேர் விழுந்திருக்கிறது, சேமலாப நிதிக்கு 8 வீதம் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். தோட்டம் அதற்கு மேல் 12 வீதம் போட வேண்டும். கூட்டல் கழித்தல் படித்த பிள்ளைக்கு இது பெரிய வேலையில்லை. பெயர் எழுத்து மாறியிருந்தால் இப்போதே சொல்லுங்கள், ஓய்வுபெறும் வரை வைத்திருக்க வேண்டாம்.

அப்பா கொழும்பில் வேலை செய்தால், பையை வீட்டில் வைத்துவிட்டு அவர் வரும்போது காட்டுங்கள். அப்பா இல்லாத பிள்ளைகள் தாத்தாவுக்கோ மாமாவுக்கோ செய்து கொடுக்கலாம். அவர்களின் கடதாசிகளும் தகரப் பெட்டிக்குள் நசுங்கித்தான் கிடக்கின்றன.

சாக்கு ஊசி இல்லாதவர்கள் சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைக் காம்பராவுக்கு வாருங்கள். ஆறு ஊசி வைத்திருக்கிறோம். தைத்து முடித்ததும் மறக்காமல் திருப்பித் தரவும். போன தடவை இரண்டு வரவேயில்லை.