ஹம்ப்டா கணவாய்: தம்பதியரின் முதல் இமயமலை நடைக்கு முழுமையான வழிகாட்டி

இமயமலையில் சில நாட்கள் நடக்க வேண்டும், இரவில் டென்ட்டில் தங்க வேண்டும், ஒரு கணவாயைக் கடந்து அந்தப் பக்கம் இறங்க வேண்டும். இப்படி ஆசைப்படும் தம்பதியருக்கு நான் முதலில் சொல்லும் பெயர் ஹம்ப்டா. கயிறு கட்டி ஏறும் பயிற்சி இதற்குத் தேவையில்லை. நல்ல கால்களும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

கிளம்பும் முன் ஒரு விதியை இருவரும் ஒப்புக்கொள்வோம்: மெதுவாக நடப்பவரின் வேகம்தான் இருவருக்கும் வேகம். அந்த ஒருவர் யார் என்பது நாளுக்கு நாள் மாறும். நாள் கணக்கு, பை, செலவு எல்லாவற்றையும் இந்த விதியை வைத்தே திட்டமிடப் போகிறோம்.

எங்கே இருக்கிறது? ஏன் இந்த வழி?

இமாசலப் பிரதேசத்தில் மணாலிக்கு அருகில், குலு பள்ளத்தாக்கையும் லாஹௌலையும் இணைக்கும் கணவாய் இது. உயரம் சுமார் 4,270 மீட்டர். ‘கத்தி’ (Gaddi) என்னும் இடையர் சமூகத்தினர் ஆட்டு மந்தைகளோடு கோடைதோறும் கடந்துபோகும் பாதை. ஏறும் பக்கம் காடும் புல்வெளியும் ஓடைகளுமாக இருக்கும். கணவாயைத் தாண்டியதும் மழை மறைவுப் பிரதேசம், வறண்ட பாறை மலைகள். இரண்டு வேறு நிலங்களை ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

உயரத்தை நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். மணாலி சுமார் 2,050 மீட்டர், ஏறக்குறைய கொடைக்கானல் உயரம். நடை தொடங்கும் ஜோப்ரா, தென்னிந்தியாவின் மிக உயரமான ஆனைமுடியைவிட (2,695 மீட்டர்) உயரத்தில் இருக்கிறது. நம் உடல் இதுவரை போகாத உயரத்தில்தான் முதல் அடியையே வைக்கிறோம். அதனால்தான் அவசரம் கூடாது.

எப்போது போகலாம்?

ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் இறுதி வரை பாதை திறந்திருக்கும். ஜூனில் கணவாயில் பனி கிடக்கும். ஜூலை, ஆகஸ்டில் பள்ளத்தாக்கு முழுக்கப் பூக்கள். கூடவே மழையும் மண்சரிவும். முதல் முறை போகிற நமக்கு ஜூன் கடைசி அல்லது செப்டம்பரின் முதல் இரண்டு வாரங்கள் ஏற்றவை.

எந்த மாதமானாலும் கையில் ஒரு நாளாவது உபரியாக இருக்கட்டும். 2018 செப்டம்பரில் எதிர்பாராத பனிப்பொழிவால் இந்தப் பாதையில் மாணவர்கள் உட்படப் பலர் சிக்கி, பிறகு மீட்கப்பட்டார்கள். 2023 ஜூலை வெள்ளத்தில் மணாலி நெடுஞ்சாலையே பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டது. திரும்பும் டிக்கெட்டை இறங்கிய மறுநாளுக்கே எடுத்துவிட்டால், மலையில் அந்த டிக்கெட்தான் நம்மை விரட்டும்.

யாரோடு போவது?

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, ட்ரெக்கிங் நிறுவனங்களின் குழுவில் சேர்வது. டென்ட், சாப்பாடு, கைடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. செலவு குறைவு, ஆனால் நாள் கணக்கு அவர்களுடையது. பெரும்பாலான குழுக்கள், நாம் கீழே போடும் திட்டத்தைவிட ஓர் இரவைக் குறைத்துத்தான் திட்டம் போடுகின்றன.

இரண்டாவது, மணாலியில் பதிவு பெற்ற உள்ளூர் கைடு ஒருவரையும் சமையலுக்கும் சுமைக்கும் உதவியாளரையும் அமர்த்திக்கொண்டு நாம் இருவர் மட்டும் போவது. செலவு கூடும், ஆனால் வேகம் நம் கையில் இருக்கும். தம்பதியருக்கு என் பரிந்துரை இதுதான். கைடு மணாலியில் உள்ள அடல் பிஹாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனத்தில் பயிற்சி பெற்றவரா, முதலுதவி தெரிந்தவரா என்று கேட்டுக்கொள்வோம். தேவையான அனுமதிகளையும் அவர் மூலமே முடித்துக்கொள்ளலாம்.

கைடு இல்லாமல் இருவர் மட்டும் போவது முதல் பயணத்துக்கு வேண்டாம். ஒருவருக்குக் கால் பிசகினால் உதவி தேட இன்னொருவர் அவரைத் தனியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும்.

உடலை எப்படித் தயார் செய்வது?

எட்டு வாரம் வைத்துக்கொள்வோம். முதல் மூன்று வாரம், வாரத்தில் நான்கு நாள் ஐந்து கிலோமீட்டர் வேக நடை. அடுத்த மூன்று வாரம் நடையோடு மெல்லோட்டமும் படிக்கட்டு ஏறுவதும். கடைசி இரண்டு வாரம் எட்டுக் கிலோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி ஏறி இறங்குவோம். இறங்கும் பயிற்சியை விட்டுவிடக் கூடாது. முட்டி வலி வருவது இறக்கத்தில்தான்.

நடுவில் ஒரு முழு நாளைப் பர்வதமலை போன்ற ஒரு மலைக்கு ஒதுக்கிச் சேர்ந்து ஏறிப் பார்ப்போம். யாருக்கு எப்போது மூச்சு வாங்குகிறது, யார் பசித்தால் சோர்ந்துபோகிறார் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

இதயக் கோளாறு, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, கர்ப்பம் இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

எதை வாங்குவது? எதை வாடகைக்கு எடுப்பது?

சொந்தமாக வாங்க வேண்டியவை: கணுக்காலை மூடும் ட்ரெக்கிங் ஷூ, கம்பளிக் காலுறைகள், உள்ளாடைகள், தலையில் மாட்டும் டார்ச். ஷூவை ஒரு மாதம் முன்பே வாங்கிப் போட்டு நடந்து பழக்குவோம். புது ஷூவோடு மலைக்குப் போனால் முதல் நாளே கொப்புளம்தான்.

மணாலியில் வாடகைக்குக் கிடைப்பவை: தடிமனான ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக், ஊன்றுகோல்கள், ரெயின்கோட், டென்ட். ஸ்லீப்பிங் பேக் மைனஸ் 5 டிகிரி வரை தாங்குவதாக இருக்கட்டும். வாடகைக்கு எடுக்கும்போது ஜிப்பை முழுக்க இழுத்துப் பார்த்து வாங்குவோம்.

துணிகளை மூன்று அடுக்காக யோசிப்போம். உடலை ஒட்டி வியர்வையை வெளியேற்றும் சட்டை, அதன் மேல் ஃப்ளீஸ், வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். ஜீன்ஸும் பருத்திப் பனியனும் வேண்டாம். நனைந்தால் காயாது, உடல் சூட்டை உறிஞ்சிவிடும்.

பையை எப்படிப் பிரிப்பது?

ஒருவர் சுமக்கும் பை அவரது உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 60 கிலோ எடை உள்ளவருக்கு அதிகபட்சம் 12 கிலோ. பொதுப் பொருட்களைச் சரிபாதியாகப் பிரிக்காமல், உடல் எடைக்கு ஏற்பப் பிரிப்போம்.

மருந்துப் பை, தண்ணீர், ரெயின்கோட், கொஞ்சம் தின்பண்டம், டார்ச் ஆகிய ஐந்தும் இருவர் பையிலும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரே பையில் வைத்துவிட்டால், பின்னால் வருகிறவர் மழையில் நனைந்துகொண்டு முன்னால் போனவருக்காகக் காத்திருக்க நேரும்.

நாள் வாரியாக எப்படி நடப்பது?

மணாலியில் இரண்டு இரவு: வந்து சேர்ந்ததும் ஏறத் தொடங்க வேண்டாம். ஒரு முழு நாள் ஓய்வு. அன்றே வாடகைப் பொருட்களை எடுத்துவிடலாம்.

முதல் நாள்: டாக்ஸியில் ஒன்று ஒன்றரை மணி நேரம் ஜோப்ரா வரை. அங்கிருந்து காட்டு வழியே இரண்டு மணி நேர நடையில் சிக்கா, சுமார் 3,100 மீட்டர்.

இரண்டாம் நாள்: சிக்காவிலிருந்து ஜ்வாரா, சுமார் 3,350 மீட்டர். பல குழுக்கள் இங்கே தங்காமல் நேராக அடுத்த முகாமுக்குப் போய்விடும். நாம் தங்குகிறோம். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரம் ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. சிக்காவிலிருந்து பாலு கா கேரா போனால் ஒரே நாளில் 680 மீட்டர் கூடிவிடும். ஜ்வாராவில் ஓர் இரவு தங்கினால் அந்த ஏற்றம் இரண்டாகப் பிரிந்துவிடும்.

மூன்றாம் நாள்: பாலு கா கேரா, சுமார் 3,780 மீட்டர். கணவாயின் அடிவாரம். மாலையில் கொஞ்ச தூரம் ஏறிப் பார்த்துவிட்டு முகாமுக்கு இறங்கி வந்து தூங்குவோம். உடல் பழகிக்கொள்ள இது உதவும்.

நான்காம் நாள்: நீண்ட நாள், எட்டு மணி நேரத்துக்குமேல் ஆகும். விடியும்போதே கிளம்பிக் கணவாயை அடைகிறோம். 6,221 மீட்டர் உயர இந்திராசன் சிகரம் எதிரே நிற்கும். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குவது இயல்பு. பிறகு செங்குத்தான இறக்கத்தில் ஷியா கோரு முகாம்.

ஐந்தாம் நாள்: காலையிலேயே குளிர்ந்த ஓடையைக் கடந்து, சந்திரா நதிக்கரையில் உள்ள சத்ருவுக்கு இறங்குவோம். அங்கே சாலை வந்துவிடும். வண்டியில் அடல் சுரங்கப்பாதை வழியாக அன்றே மணாலி திரும்பலாம். உபரி நாள் மீதமிருந்து, சாலையும் திறந்திருந்தால் சந்திரதால் ஏரியைப் பார்த்து வரலாம். ஏரிக்கரையில் டென்ட் போட அனுமதி இல்லை. தள்ளியுள்ள முகாம்களில்தான் தங்க வேண்டும்.

சாப்பாடும் தண்ணீரும்

பாலு கா கேராவின் உயரத்தில் தண்ணீர் 87 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அரிசியும் பருப்பும் எளிதில் வேகாது. அவல், ரவை, நூடுல்ஸ், ஓட்ஸ் சீக்கிரம் ஆகிவிடும். ஊரிலிருந்து புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, கடலை மிட்டாய், பேரீச்சை எடுத்துப்போகலாம். உயரத்தில் பசி மந்தமாகும்போது பழகிய ருசிதான் சாப்பிட வைக்கும்.

ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் வேண்டும். ஓடைத் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் மேலே ஆடுகள் மேயும். கொதிக்கவைத்தோ வடிகட்டியோதான் குடிப்போம். கேஸ் கேனிஸ்டரை விமானத்தில் ஏற்ற முடியாது, மணாலியில் வாங்கிக்கொள்வோம். டென்ட்டுக்குள் அடுப்பு எரிப்பது உயிருக்கு ஆபத்து.

எவ்வளவு ஆகும்?

சென்னையிலிருந்து இருவருக்கும் சேர்த்து, தோராயமாக இப்படி ஒதுக்குவோம்:

- டெல்லிக்கு ரயிலில் மூன்றாம் ஏசி, போக வர: 10,000 ரூபாய்
- டெல்லி–மணாலி பஸ், போக வர: 6,000
- மணாலியில் அறை: 6,000
- கைடு, உதவியாளர், டென்ட், சாப்பாடு: 35,000
- ஜோப்ராவுக்கும் சத்ருவிலிருந்தும் டாக்ஸி: 8,000
- இரண்டு ஜோடி ஷூ: 8,000
- மற்ற உடைகள், வாடகைப் பொருட்கள்: 5,000
- மலை நடையை உள்ளடக்கிய பயணக் காப்பீடு: 2,000
- அவசரத்துக்கு: 10,000

மொத்தம் 90,000 ரூபாய். குழுவில் சேர்ந்தால் ஏறக்குறைய 20,000 குறையலாம். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் அறையிலும் பயண வகுப்பிலும் குறைப்போம். கைடு, ஷூ, காப்பீடு, அவசரப் பணம் நான்கிலும் கைவைக்க வேண்டாம்.

கழிப்பறை, மாதவிடாய், குப்பை

முகாமில் கழிப்பறை டென்ட் இருந்தால் அதையே பயன்படுத்துவோம். இல்லையென்றால் தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, ஒரு சாண் ஆழம் குழி தோண்டி, பிறகு மூடிவிட வேண்டும். உயரமும் அலைச்சலும் மாதவிடாய் நாட்களை மாற்றிவிடக்கூடும். தேதி எதுவானாலும் நாப்கினோ கப்போ பையில் இருக்கட்டும். பயன்படுத்திய நாப்கின், பிளாஸ்டிக் எல்லாம் உறையில் கட்டி நம்மோடு கீழே இறங்கி வர வேண்டும்.

எச்சரிக்கை: எங்கே கவனம் வேண்டும்?

உயர நோய்: தலைவலியோடு குமட்டல், பசியின்மை, அசாத்தியக் களைப்பு வந்தால் அன்று மேலே ஏறக் கூடாது. நடை தடுமாறினால், பேச்சு குழம்பினால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் இரவானாலும் உடனே கீழே இறங்க வேண்டும். பாலு கா கேராவில் உடம்பு சரியில்லை என்றால் வந்த வழியே சிக்காவுக்கு இறங்குவோம். ‘கணவாயைத் தாண்டினால் அந்தப் பக்கம் இறக்கம்தானே’ என்ற கணக்கு ஆபத்தானது. அதற்கு முதலில் 500 மீட்டர் ஏறியாக வேண்டும். உயர நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்பதைக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்போம். சல்பா மருந்து ஒவ்வாமை இருந்தால் மறக்காமல் சொல்லிவிடுவோம்.

ஓடைகள்: பனி உருகுவதால் பிற்பகலில் வெள்ளம் கூடும். காலையில் கடப்பதே நல்லது. செருப்பு நழுவும், வெறுங்கால் மரத்துப்போகும்; பட்டி வைத்த சாண்டல் போட்டு, பையின் இடுப்புப் பட்டியைக் கழற்றிவிட்டு, கைடு காட்டும் இடத்தில் கைகோத்துக் கடப்போம்.

தொடர்பு: ஜோப்ராவைத் தாண்டினால் செல்ஃபோன் சிக்னலை நம்ப முடியாது. எந்தத் தேதியில் இறங்குவோம், அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவோம். அரசின் அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் ஃபோன் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களிடமும் சொல்லிவைப்போம்.

இருவருக்குள் ஓர் ஒப்பந்தம்

தினமும் காலையும் மாலையும் ஒருவரையொருவர் மூன்று கேள்வி கேட்போம்: தலை வலிக்கிறதா? சாப்பிட்டாயா? கால் எப்படி? ‘உனக்குத் தொந்தரவு வேண்டாம் என்று சொல்லவில்லை’ என்ற பேச்சுக்கு மலையில் இடமில்லை. அன்பினால் மறைத்த தலைவலிதான் பெரிய சிக்கலாக முடியும்.

திரும்பிவிடலாம் என்று ஒருவர் சொன்னால் இருவரும் திரும்புகிறோம். காரணத்தை இறங்கிய பிறகு பேசிக்கொள்ளலாம். இதைக் கைடிடமும் முதல் நாளே சொல்லிவிடுவோம்.

இந்த வாரமே என்ன செய்யலாம்?

காலண்டரில், ரயில் பயணத்தையும் உபரி நாளையும் சேர்த்துப் பதினான்கு நாள் விடுப்பைக் குறித்துவிடுவோம். விடுப்பு தொடங்கும் தேதியிலிருந்து எட்டு வாரம் பின்னோக்கி எண்ணிப் பயிற்சி தொடங்கும் நாளை எழுதுவோம். மருத்துவரிடம் இருவருக்கும் நேரம் வாங்குவோம். பிறகு ஷூ கடைக்குச் சேர்ந்தே போவோம். மாலை நேரமாக இருக்கட்டும். பகல் முழுக்க நின்ற கால் சற்று வீங்கியிருக்கும், மலையில் வேண்டிய அளவு அப்போதுதான் சரியாகக் கிடைக்கும்.