வெட்டிய பின்னும் முளைக்கும் கருவேலம்

கேள்வி: திருமங்கலம் பக்கம் எங்கள் மானாவாரி நிலத்தில் சீமைக் கருவேலத்தை வேரோடு எடுத்தோம். மழைக்குப் பின் மறுபடி கன்றுகள் முளைக்கின்றன. ஏன்?

பதில்: மரம் போனாலும் விதை மண்ணில் உறங்குகிறது. அதன் கெட்டித் தோல் தண்ணீரை உள்ளே விடாது. ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஆய்வகத்தில் அடர் கந்தக அமிலத்தில் சில நிமிடம் ஊறவைத்தோ, கொதிநீர் ஊற்றியோ தோலை இளக்குவார்கள். பிறகு 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் மளமளவென முளைக்கும். உங்கள் நிலத்தில் அந்த வேலையை ஆடுமாடுகளின் குடல் செய்கிறது. இனிக்கும் நெற்றைத் தின்று, விதையை எருவோடு போடுகின்றன. ஆகவே நெற்று உதிரும் காலத்தில் கருவேலங்காட்டில் மேய்ந்த கிடையை வயலில் அமர்த்தாதீர்கள். அமிலத்தை மண்ணில் ஊற்றவே வேண்டாம். அது விதையை எழுப்பும், நிலத்தைக் கெடுக்கும். மழை ஈரம் காயுமுன் இளங்கன்றுகளை ஆணிவேரோடு பிடுங்குங்கள். இதை அடுத்தடுத்த ஆண்டுகளிலும் செய்ய வேண்டியிருக்கும்.